புதிய டகோமா தாக்குப்பிடிக்குமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நடுத்தர அளவு பிக்அப்களில் நீண்ட காலமாக அதிகம் விற்பது டொயோட்டா டகோமா. 2024 மாடலில் அதை அடியோடு மாற்றிவிட்டார்கள். ஆறு சிலிண்டர் வி6 எஞ்சின் போய், காற்றை அழுத்தி ஊட்டும் நான்கு சிலிண்டர் டர்போ வந்தது. விலை ஏறியது. முதல் ஆண்டிலேயே கியர்பெட்டிப் புகார்களும் கிளம்பின. அதே சமயத்தில் ஃபோர்டு ரேஞ்சரும் செவர்லே கொலராடோவும் புது வடிவில் களத்தில் இறங்கிவிட்டன. இனியும் டகோமாவால் போட்டியில் நிற்க முடியுமா, பழைய பெயரை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறதா என்பதுதான் கேள்வி.

நிற்கும் என்பது என் கணிப்பு. அரிசோனாவில் பல வருடமாக வாகன உதிரிபாகத் தொழிலில் இருக்கிறேன். முதல் தலைமுறை டகோமாவிலிருந்து இப்போதையது வரை நான்கின் அடியிலும் படுத்துப் பார்த்தவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்த வண்டி நின்றாலும் விழுந்தாலும் அதற்கான காரணத்தை விளம்பரத் தாளில் தேடக்கூடாது.

ஆனாலும் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள் என்பதால் அந்த எண்களைப் பார்த்துவிடலாம். புதிய டகோமாவின் 2.4 லிட்டர் டர்போ, ஆட்டோமேட்டிக் கியருடன் 278 குதிரைத்திறனும் 317 பவுண்டு-அடி முறுக்குவிசையும் தருகிறது. ஆக மலிவான எஸ்ஆர் வகையில் 228 குதிரைத்திறன்தான். மின்மோட்டார் சேர்ந்த ஹைப்ரிட் வகைக்கு 326 குதிரைத்திறன், 465 பவுண்டு-அடி. எதிரில் கொலராடோவின் 2.7 லிட்டர் டர்போ 310 குதிரைத்திறனும் 430 பவுண்டு-அடி வரையும் தருகிறது. ரேஞ்சரில் 270-இல் தொடங்கி, வி6 வாங்கினால் 315, ராப்டர் என்ற உச்ச வகை வாங்கினால் 405. பின்னால் டிரெய்லர் கட்டி இழுப்பதில் டகோமாவின் எல்லை 6,500 பவுண்டு, அதாவது மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவு. ரேஞ்சர் 7,500 பவுண்டும் கொலராடோ 7,700 பவுண்டும் இழுக்கும். தாளில் பார்த்தால், ஹைப்ரிட்டின் முறுக்குவிசை தவிர எதிலும் டகோமா முதலிடம் இல்லை.

ஆனால் அது எப்போது முதலிடத்தில் இருந்தது? 2016 முதல் 2023 வரை விற்ற மூன்றாம் தலைமுறை வண்டியை நினைத்துப் பாருங்கள். பின்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்குகூட இல்லை, டிரம் பிரேக். ஓட்டுநர் இருக்கை தரையோடு தரையாக இருக்கும், காலை நீட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். ஆறு கியர் ஆட்டோமேட்டிக், சின்ன மேட்டைக் கண்டாலும் கியர் மாற்றிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் எழுதாத வாகன விமர்சகரே இல்லை. அந்த வண்டிதான் 2021-இல் அமெரிக்காவில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல் விற்றது. ஆகவே எண்களில் பின்தங்கியதால் டகோமா சரியும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எண்களைப் பார்த்து வாங்குகிறவர்கள் அதை எப்போதுமே வாங்கியதில்லை.

பிறகு யார் வாங்குகிறார்கள்? நம் ஊரில் பிக்அப் என்றால் சந்தைக்குக் காய்கறி மூட்டை ஏற்றிப் போகும் சுமைவண்டி. அமெரிக்காவில் அது வீட்டு வண்டியும்கூட: திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போவதற்கு, சனிக்கிழமை மரப்பலகை ஏற்றுவதற்கு, விடுமுறையில் மலைக்குப் போவதற்கு. டகோமா வாங்குகிறவர் அதைப் பத்து, பதினைந்து வருடம் வைத்துக்கொள்ள நினைக்கிறார். இல்லாவிட்டால் ஐந்து வருடத்தில் விற்றாலும் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பும் என்று நம்புகிறார். மறுவிற்பனை மதிப்புப் பட்டியல்களில் இந்த வண்டி ஆண்டுதோறும் மேலிடத்தில் இருப்பதால் அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. மாதத் தவணையும் காப்பீடும் கணக்குப் போட்டு வாழும் ஒரு குடும்பத்துக்கு முப்பது குதிரைத்திறன் கூடக் குறைய இருப்பது பெரிய விஷயம் இல்லை. விற்கும்போது கையில் வரும் சில ஆயிரம் டாலர்தான் பெரிது.

இந்த நம்பிக்கை எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் நினைப்பதுபோல டகோமா பழுதே வராத வண்டியாக இருந்து சம்பாதித்த பெயர் அல்ல இது. முதல் தலைமுறை டகோமா 1995-இல் வந்தது. அதற்கு முன் உலகமெங்கும் ஹைலக்ஸ் என்று விற்ற வண்டியையே அமெரிக்காவில் வெறுமனே ‘டொயோட்டா பிக்அப்’ என்ற பெயரில் விற்றார்கள். 1995-இலிருந்து இரண்டும் தனித்தனிப் பாதையில் போயின. 2022 முதல் இந்தியாவில் விற்கும் ஹைலக்ஸ், அந்த வகையில் டகோமாவின் ஒன்றுவிட்ட உடன்பிறப்பு.

அந்த முதல் தலைமுறை டகோமாக்களின் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம், துருப்பிடித்தது. பனி உருகுவதற்காக அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புநீர் சேசிஸின் உட்பக்கம் புகுந்து உள்ளிருந்தே அரித்தது. வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன இடத்தில் சத்தம் செத்துப்போய்க் கேட்கும், இன்னொரு தட்டில் செதில் செதிலாக உதிரும், மூன்றாவது தட்டில் சுத்தியலின் முனை உள்ளே போய்விடும். பதினைந்து வருடம் ஓடும் என்று நம்பி வாங்கிய வண்டியின் முதுகெலும்பு அது.

2008-இல் டொயோட்டா ஒரு முடிவெடுத்தது. 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களுக்குச் சேசிஸ் துருவுக்கான உத்தரவாதத்தைப் பதினைந்து வருடமாக நீட்டியது. பழுதுபார்க்க முடியாத அளவுக்கு அரித்திருந்தால், நல்ல நிலையிலுள்ள வண்டிக்குச் சந்தையில் என்ன மதிப்போ அதைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. எட்டு, பத்து வருடம் ஓட்டித் துருப்பிடித்துப்போன வண்டிக்கு ஒன்றரை மடங்கு! சிக்கல் அதோடு முடியவில்லை. அடுத்த தலைமுறை வண்டிகளிலும் துரு வந்தது. வழக்கு நடந்து, 2016-இல் ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளை உள்ளடக்கிய சமரசம் ஏற்பட்டது, சேசிஸையே முழுதாக மாற்றித் தரும் ஏற்பாடும் அதில் இருந்தது. இடையில் 2014-இல், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் உடையலாம் என்று ஏறத்தாழ 6.9 லட்சம் டகோமாக்களைத் திரும்ப அழைத்தார்கள். மூன்றாம் தலைமுறை வந்த புதிதில் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் எண்ணெய் கசிகிறது என்று 2017-இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் திரும்பின.

இவ்வளவுக்குப் பிறகும் மக்கள் டகோமாவை விட்டுப் போகவில்லை. சேசிஸ் மாற்றிக் கொடுத்த வண்டியை இன்னும் பத்து வருடம் ஓட்டியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் சொல்வது துருவின் கதையை மட்டும் அல்ல. “கம்பெனி கைவிடவில்லை” என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். புதிய வண்டியின் தொடக்கச் சிக்கல்களையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன்.

2024-இல் விற்ற வண்டிகள் சிலவற்றில் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி சில ஆயிரம் மைலுக்குள்ளேயே பழுதானது உண்மை. உத்தரவாதம் ஐந்து வருடம் அல்லது 60,000 மைல் என்பதால் செலவு வாங்கியவர் தலையில் விழவில்லை. ஆனால் புது வண்டியை நிறுத்திவிட்டு உதிரிபாகத்துக்காகக் காத்திருப்பது எவருக்கும் எரிச்சல்தான், டகோமா வாங்கியவருக்கு இன்னும் கூடுதல் எரிச்சல், அவர் இதைத் தவிர்க்கத்தானே இந்த வண்டியை வாங்கினார். பிறகு 2025 தொடக்கத்தில் இன்னொரு திரும்ப அழைப்பு: நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் பின்சக்கரத்தின் உட்புறம் சேறு சேர்ந்து பிரேக் ஹோஸை, அதாவது பிரேக் எண்ணெய் போகும் குழாயை, உரசி அரிக்கலாம் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் வண்டிகளை அழைத்தார்கள். சேற்றில் ஓட்டுவதற்கென்றே விற்கும் வண்டியில் சேற்றால் பிரேக் போகலாம் என்பது சின்னத் தவறு அல்ல. அதை நான் மழுப்ப மாட்டேன்.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். எஞ்சினுக்குள் உலோகத் துகள் தங்கிவிட்டது என்று 2024-இல் ஒரு லட்சம் வண்டிகளை டொயோட்டா திரும்ப அழைத்தது அல்லவா, அது பெரிய பிக்அப்பான டண்ட்ராவிலும் லெக்ஸஸ் எல்எக்ஸிலும் உள்ள 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6. டகோமாவில் இருப்பது வேறு எஞ்சின். இந்த 2.4 லிட்டர் குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின் 2022 முதலே லெக்ஸஸ் என்எக்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பயப்படுகிறவர்கள் ஏராளம்.

இனி, அந்த எஞ்சின். வி6 போனதுதான் பலருக்கும் மனவருத்தம். எனக்கும் வருத்தம்தான், ஆனால் அதை வைத்து உண்மையை மறைக்க முடியாது. ஃபீனிக்ஸ் நகரிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் போகும் ஐ-17 நெடுஞ்சாலையில் பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டியதும் ஒரு நீண்ட ஏற்றம் தொடங்கும். கோடையில் அந்த இடத்தில் ஓரமாக நின்று புகைவிடும் வண்டிகளைப் பார்க்காமல் மேலே போக முடியாது. ஃபீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 அடி, ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் மூன்று சதவீதம் பலம் இழக்கும். பழைய வி6-இன் 278 குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு மேலே போவதற்குள் காற்றோடு போய்விடும். அதன் உச்ச முறுக்குவிசை நிமிடத்துக்கு 4,600 சுற்றில்தான் கிடைக்கும் என்பதால், எஞ்சின் அலறினால்தான் வண்டி ஏறும். புதிய டர்போவுக்கு அதே 278 குதிரைத்திறன்தான், ஆனால் 317 பவுண்டு-அடி 1,700 சுற்றிலேயே வந்துவிடுகிறது. மெலிந்த காற்றை டர்போ அழுத்திக் கொடுத்துவிடும். போன கோடையில் நண்பரின் புதிய டகோமாவை, எஸ்ஆர்5 வகை, அந்த ஏற்றத்தில் ஓட்டினேன். நான்கு பேர், பின்னால் கூடாரச் சாமான். ஒரு கியர் இறங்கியது, பிறகு மேடு முடியும்வரை அங்கேயே நின்றது. பின் இருக்கையில் இருந்தவர்களோடு குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே போனேன். வழக்கமாக அந்த மேட்டில் பேச்சு நின்றுவிடும்.

ஹைப்ரிட் வகையைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் 48 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1.87 கிலோவாட்-மணி பேட்டரி பின் இருக்கைக்கு அடியிலுள்ள இடத்தை எடுத்துக்கொள்கிறது. சாமான் வைக்கும் அந்த மூலையை இழந்து, கூடுதலாகப் பணமும் கொடுத்து, நமக்குக் கிடைப்பது கேலனுக்கு 23 மைல். சாதாரண டர்போவின் சிக்கனமான வகையும் அதே 23-ஐத் தொடுகிறது. பலத்துக்காக வாங்கலாம், எரிபொருள் மிச்சம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

மற்ற மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான வகைகளில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்திருப்பதால் குண்டும் குழியுமான சாலையில் பின்பக்கம் துள்ளுவது குறைந்திருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். கைக்கியரை இன்னும் தருகிறார்கள், போட்டியாளர்கள் பெரும்பாலும் கைவிட்ட விஷயம் இது. பின் இருக்கை மட்டும் இன்னும் நெருக்கடி. உயரமான மனிதர் ஓட்டினால் அவருக்குப் பின்னால் பெரியவர்கள் உட்கார்ந்து நெடுந்தூரம் போக முடியாது.

விற்பனை சரிந்ததே என்று கேட்பீர்கள். 2024-இல் டகோமா ஏறத்தாழ 1.93 லட்சம்தான் விற்றது, முந்தைய ஆண்டு 2.35 லட்சத்தை ஒட்டி விற்ற வண்டி. ஆனால் அந்த ஆண்டு புது மாடலுக்கு ஆலைகள் மாறிக்கொண்டிருந்தன, ஹைப்ரிட் வகைகள் வசந்த காலத்துக்குப் பிறகுதான் கடைக்கு வந்தன. அந்த மோசமான ஆண்டிலும் கொலராடோ சுமார் 98,000, ரேஞ்சர் சுமார் 46,000. 2025-இன் முதல் ஆறு மாதத்திலேயே டகோமா ஏறத்தாழ 1.3 லட்சத்தை எட்டிவிட்டது. வாங்க ஆள் இல்லாமல் விழுந்த வண்டி இப்படி எழாது.

இந்த இடத்தில் ரேஞ்சரின் பழைய கதையை நினைவுபடுத்த விரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் சந்தையில் முதலிடத்தில் இருந்த வண்டி எப்படி அழிகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. 1999-இல் ரேஞ்சர் மூன்றரை லட்சத்தை ஒட்டி விற்றது. டகோமா கனவிலும் தொடாத எண். பிறகு ஃபோர்டு அதைப் பெரிதாகத் தொடவே இல்லை. பெரிய எஃப்-150-இல் லாபம் கொழித்தது, சின்ன வண்டிக்குப் பணம் போட மனம் வரவில்லை. போட்டியாளர் யாரும் ரேஞ்சரைக் கொல்லவில்லை, பெற்றவர்களே சோறு போடாமல் விட்டார்கள். 2011 டிசம்பரில் மினசோட்டாவின் செயின்ட் பால் ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய புத்தம் புதிய ரேஞ்சர் உலகின் மற்ற நாடுகளில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவுக்கு 2019 வரை வரவில்லை. நிசான் ஃபிரான்டியர் 2005-இலிருந்து 2021 வரை ஏறக்குறைய ஒரே உருவத்தில் இருந்தது. டாட்ஜ் டகோட்டாவும் 2011-இல் போனது. அந்த வெற்றிடத்தில்தான் டகோமா கொழுத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று களம் வெற்றிடமாக இல்லை. எனவே இந்த முறை தொடாமல் விட்டிருந்தால்தான் ஆபத்து. மாற்றியது சரியான முடிவு.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இரண்டு இருக்கின்றன, இரண்டும் ரேஞ்சர் ராப்டர் பக்கமிருந்து வருபவை அல்ல.

ஒன்று விலை. 2024 மாடலில் டகோமா 31,500 டாலரில் தொடங்கியது, ஆக விலையுயர்ந்த டிஆர்டி புரோ வகை 63,900 வரை போனது. 405 குதிரைத்திறன் உள்ள ரேஞ்சர் ராப்டரே சுமார் 55,000-க்குக் கிடைத்தபோது இது நியாயமில்லாத விலை. ஆனால் அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது கீழ்ப்பக்கம். ஃபோர்டு மேவரிக் என்ற சின்ன பிக்அப்பை 2021-இல் 20,000 டாலருக்குக் கீழே அறிமுகப்படுத்தினார்கள், ஹைப்ரிட் எஞ்சினோடு. இப்போது விலை ஏறிவிட்டது, ஆனாலும் 2024-இல் 1.3 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த ஆண்டு டகோமாவை அடுத்து அதிகம் விற்ற சிறு, நடுத்தர பிக்அப் அதுதான். முன்பு கல்லூரி முடித்த பையன் தன் முதல் வண்டியாகப் பழைய சின்ன டகோமாவை வாங்குவான். அவனுக்கு இன்று டொயோட்டாவிடம் காட்ட ஒன்றும் இல்லை. இரண்டு கதவு எக்ஸ்ட்ராகேப் இருக்கிறது, அதில் பின் இருக்கையே கிடையாது.

இரண்டாவது, வரி. அமெரிக்கக் கோழி இறக்குமதியின் மீது ஐரோப்பா வரி போட்டதற்குப் பதிலடியாக, 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வெளிநாட்டுச் சிறு டிரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தார். அந்த வரி இன்றும் இருக்கிறது. ஹைலக்ஸோ இசுசு டி-மேக்ஸோ அங்கே வராததற்கு அதுவே முக்கியக் காரணம். அறுபது வருடமாக உள்ளூர் ஆலை வைத்திருப்பவர்களுக்கு அது கோட்டைச் சுவர். வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தால் மெக்சிகோவில் செய்த வண்டிகள் சுவருக்கு உள்ளே இருந்தன. டகோமா இப்போது முழுக்க மெக்சிகோவில்தான் உருவாகிறது, திஹுவானாவிலும் குவானஹுவாட்டோவிலும். டெக்சாஸின் சான் அன்டோனியோ ஆலையில் 2021-இல் டகோமா தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் வந்த புதிய 25 சதவீத வாகன வரி மெக்சிகோ வண்டிகளையும் தொடுகிறது. ஒப்பந்தத்துக்கு உட்பட்ட வண்டிகளில் அமெரிக்கப் பாகங்களின் மதிப்பை மட்டும் கழித்துக்கொள்ளலாம். கொலராடோ மிசூரியில், ரேஞ்சர் மிச்சிகனில், ஃபிரான்டியர் மிசிசிப்பியில், ஹோண்டா ரிட்ஜ்லைன் அலபாமாவில், ஜீப் கிளாடியேட்டர் ஒஹாயோவில் உருவாகின்றன. நடுத்தர பிக்அப்களில் எல்லைக்கு வெளியே நிற்பது டகோமா ஒன்றுதான். இந்தச் சுமையை எவ்வளவு காலம் தானே தாங்குவது, எப்போது வாங்குபவர் மீது இறக்குவது என்பதில்தான் டொயோட்டா தடுமாறக்கூடும்.

நான் காத்திருப்பது 2030-ஐ ஒட்டிய காலத்துக்கு. 2024-இல் விற்ற டர்போ வண்டிகள் அப்போது ஒரு லட்சம் மைலைத் தாண்டிப் பழைய வண்டிச் சந்தைக்கு வரும். டர்போவின் பேரிங், எட்டு கியர் பெட்டி, சுருள் ஸ்பிரிங் எல்லாம் அதற்குள் தங்கள் கதையைச் சொல்லியிருக்கும். ஏலத்தில் அந்த வண்டிகளுக்கு வியாபாரிகள் பழைய வி6-க்குக் கொடுத்த விலையைக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பேன்.

அதற்கு முன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சாதாரண டர்போவில் எஸ்ஆர்5, நான்கு கதவு டபுள் கேப் எடுங்கள். முதல் ஆண்டுத் தயாரிப்பைத் தவிர்த்துவிடுங்கள். பழைய வண்டியாக வாங்கினால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, பின் பிரேக் ஹோஸ் வேலை முடிந்திருக்கிறதா என்று கையெழுத்திடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.